பஸ்ஸில் கண்டால்

ரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் உளவள ஆலோசகர். இளையவள் அவருக்காக போனில் பேஸ்புக் பக்கம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"டிப்ளோமாவ மேல போடுவமாக்கா?"

"அது கீழ கெடக்கட்டும். மொதல்ல இத எழுது. பஸ்ல கண்டா ஒங்கள தெரியாத மாதிரியே இருப்பேன்."

"அத வாசிச்சா யாருக்கா வருவாங்க?"

"அதுக்காகத்தான் வருவாங்க. தேயிலத் தோட்டத்துல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுமே."

அடுத்த பஸ் ஹோல்ட்டில் ஏறிய ஒரு பெண் அந்த ஆலோசகர் அக்காவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். அக்கா மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. பின்னால் போய் உட்கார்ந்தாள்.

"யாருக்கா அது?"

"தெரியாதே."

இவ்வளவு நேர்த்தியான பொய்யை நான் கேட்டதில்லை. இளையவள் மறுபடி போனில் தட்டினாள். பிறகு சொன்னாள்: "அந்த வரிய மேல போட்டுட்டேங்க்கா."