கோபுரத்துக்குக் கிழக்கே

இல்லீங்க, அது ட்ரோன் இல்ல. ஆளு பறந்ததுதான். உங்க போன்லயே பாருங்க, ரெண்டு கால் தொங்குது தெரியுதா? அது சித்தார்த்தன். என் கூட்டாளி. அணைச்சிடுங்க, கடைசி வரைக்கும் பாக்க வேணாம்.

ஆமா, நானும் அதே தொழில்தான். பாராமோட்டார். முதுகுல ஃபேன் மாதிரி ஒரு எஞ்சின், தலைக்கு மேல பாராசூட் மாதிரி ஒரு துணி, அவ்வளவுதான். நாலு எட்டு ஓடுனா தூக்கிரும். பொருட்காட்சி, காலேஜ் விழா, கடைத் திறப்புன்னா விளம்பரத்தக் கட்டிக்கிட்டு மேல சுத்துவோம். பதினாலு வருசமா நாங்க ரெண்டு பேரும். அவனுக்கு முசிறி, எனக்கு ஸ்ரீரங்கம். அழகிரின்னு கேட்டா தெரியும்.

கமெண்ட்லயா? படிக்காதீங்க. பதினஞ்சு நாளா நான் படிச்சாச்சு. ஒருத்தன் வீரன்ங்கறான், ஒருத்தன் பைத்தியக்காரன்ங்கறான். டிவில ஒரு ஆளு உக்காந்துக்கிட்டு, அனுபவமில்லாதவங்க இதுல எறங்கக் கூடாதுங்கறாரு. அவனுக்கா அனுபவமில்ல? ஒவ்வொரு கயிறையும் மூணு தடவ இழுத்துப் பாப்பான். வேப்பெல கொஞ்சம் வேகமா ஆடுனா இன்னிக்கு வேணாம் மாப்ளம்பான். எத்தன நாளு அவனத் திட்டிருக்கேன் தெரியுமா.

பின்ன ஏன் போனான்னுதான கேக்கறீங்க. எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க.

ராஜ்மோகன்னு ஒருத்தரு, விளம்பரப் படம் எடுக்கறவரு. காலை வெயில் கலசத்துல படும்போது ஒரு ஆளு ராஜகோபுரத்தச் சுத்தி வரணும்னாரு. பர்மிஷனா? எவன் குடுப்பான். கோயில் ஒரு பக்கம், ஏர்போர்ட் ஒரு பக்கம். அஞ்சு நிமிச வேல, ஊரு முழிக்கறதுக்குள்ள முடிஞ்சிரும்னாரு. மொதல்ல எங்கிட்டதான் வந்தாரு. ஏன்னா அத ஒரு தடவ செஞ்ச ஆளு நான்தான்னு எல்லாருக்கும் தெரியும். பதினோரு வருசம் ஆச்சு. விடியக்காலையில கொள்ளிடம் மணல்லேர்ந்து கெளம்பி, கோபுரத்துக்கு ஒரு முழுச் சுத்து. வீடியோ எல்லாம் இல்லீங்க. பதிமூணு கலசத்தையும் எண்ணிக்கிட்டே வந்தேன், பொந்துலேர்ந்து கிளியெல்லாம் எட்டிப் பாத்துச்சுன்னு டீக்கடையில சொன்னேன். இன்னும் அங்க அதப் பேசுவாங்க.

ராஜ்மோகன்கிட்ட முதுகு வலின்னுட்டேன். அவரு சித்தார்த்தன்கிட்ட போனாரு. அவன் மாட்டேன்னுதான் சொன்னான். ரெண்டு நாள் கழிச்சு என் வீட்டுக்கு வந்தான். மாப்ள, நீ போயிட்டு வந்த வழிதான, எப்படின்னு சொல்லு, நான் போறேன்னான். காலண்டர் தாளக் கிழிச்சு, பின்னாடி கோபுரத்துக்கு ஒரு கட்டம் போட்டான். மேக்கேர்ந்து காத்து வரும்னு ஒரு அம்புக்குறி. அப்புறம் கட்டத்துக்குக் கிழக்குப் பக்கம் வெரல வச்சுக்கிட்டு, இங்க என்னடா ஆவுது, கோபுரத்துல மோதுன காத்து இந்தப் பக்கம் உருண்டு விழாதான்னான். ஆத்துல பாறைக்குப் பின்னால சுழி விழும்ல, அது மாதிரிங்க. சரியான கேள்வி.

அதெல்லாம் இல்லடா, கோபுரம் காத்த மறைச்சுக்கும், அந்தப் பக்கம் அசைவே இருக்காது, ஒட்டியே திரும்புன்னேன். நெசமாவான்னான். போயிட்டு வந்தவன் சொல்றேன்ல, கேளுடான்னேன். அதுக்கு மேல அவன் கேக்கல. தாள மடிச்சு சட்டப் பையில வச்சுக்கிட்டான்.

அன்னிக்குத் துணிய விரிச்சு விட்டதே நான்தான். வாக்கி டாக்கி என் கையில. கிழக்கால திரும்பறேன் மாப்ளன்னான். அவ்வளவு தூரத்துலேர்ந்தும் தெரிஞ்சுச்சுங்க, துணி ஒரு பக்கம் அப்படியே மடங்குச்சு. ஒரு வீட்டு மொட்டை மாடியில விழுந்தான். ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது உயிர் இருந்துச்சு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள இல்ல.

என்னங்க இந்த பஸ்காரன், டோல்கேட்ட விட்டு நகரவே மாட்டேங்கறான். நாலு மணிக்கு நான் முசிறியில இருக்கணும். இன்னிக்கு அவனுக்குப் படத்திறப்பு.

வேல போச்சேன்னு சொல்லலீங்க. போலீஸ் கூப்புடுது, போறேன், அதுவும் பெருசில்ல. இந்த டீக்கடக்காரங்கதான். அழகிரி, நீ போயிருந்தா இப்படி ஆயிருக்காதுப்பாங்கறாங்க. முதுகத் தட்டிக் குடுக்கறாங்க. ஒரு நாள் கிளாஸத் தூக்கித் தரையில அடிச்சுட்டேன். பாவம், கூட்டாளி போன வருத்தம்னு அதுக்கும் ஒருத்தரு சமாதானம் சொல்றாரு. அந்தப் பக்கமே போறதில்ல இப்ப.

அவன் சம்சாரம் ஜோதி நேத்து போன் பண்ணுச்சு. அழல. அழுதிருந்தாக்கூடப் பரவாயில்ல. அண்ணே, அவருக்கு ஓட்டத் தெரியலன்னு எல்லாரும் பேசறாங்க, யாழினி ஸ்கூல்ல கேட்டுட்டு வந்து, அப்பாவுக்கு ஓட்டத் தெரியாதாம்மாங்குது. அந்த வழியில போயிட்டு வந்தவரு நீங்க ஒருத்தருதான். படத்திறப்புல எந்திரிச்சு, அவரு எந்த எடத்துல தப்பு பண்ணாருன்னு சொல்லிருங்க, எதுவானாலும் தாங்கிக்கறேன்னுச்சு. சரிம்மான்னுட்டேன்.

என்ன சொல்லப் போறேனா? அவன் தப்பே பண்ணலன்னு சொல்லணும். நான் சொன்ன எடத்துல, நான் சொன்ன மாதிரியேதான் திரும்புனான். அது வரைக்கும் சொல்லிருவேன். அதுக்கப்புறம் ஜோதி கேக்கும்ல, அப்ப நீங்க மட்டும் எப்படிண்ணே வந்தீங்கன்னு.

நான் எங்கங்க போனேன். மணல்லேர்ந்து கெளம்பி மேல ஏறுனேன், கோபுரம் எதிர்ல வந்துச்சு, பயந்துட்டேன். அங்கயே திரும்பி எறங்கிட்டேன். டீக்கடையில என்னப்பா ஆச்சுன்னு கேட்டாங்க. சுத்திட்டு வந்துட்டேன்னு வாயில வந்துருச்சு.

குணசீலம் வந்துருச்சு, நீங்க எறங்கணும்ல. பைய மறந்துறாதீங்க. உங்ககிட்ட சொல்ல வந்துருச்சு. அங்க வருமான்னு தெரியல.