சாமி அலமாரியிலிருந்த தகடும் பூட்டும்

பெயர் ஆவுடைநாயகம், வயது 54, தகப்பனார் பெயர் ஐயம்பெருமாள். திருநெல்வேலி பேட்டையில் மரப் பட்டறை வைத்திருக்கிறேன். அரசு மருத்துவமனையில் குப்புறப் படுத்த நிலையில், நல்ல நினைவோடு, சார்பு ஆய்வாளரிடம் சொல்வது யாதெனில்:

என் பட்டறை ஆள் குமரவேல் தேக்குப் பலகையை என் முதுகில் எறிந்தான் என்று என் மனைவி பிரம்மநாயகி புகார் கொடுத்ததையும், அதன்பேரில் அவனை நிலையத்தில் வைத்திருப்பதையும் இப்போதுதான் அறிந்தேன். அவன் எறியவில்லை. இயந்திரம் எறிந்தது.

எங்கள் வட்டவாள் மேசையில், அறுத்த பலகை மறுபடி மூடி வாளைக் கவ்வாமலிருக்க வாளுக்குப் பின்னால் ஒரு தகடு நிற்கும். பலகையை ஒட்டித் தள்ளுவதற்கு நீள இரும்புக் கட்டை உண்டு. அதைக் கைடு என்போம். கைடின் பின்முனை வாள் பக்கம் சாயாமலிருக்க நானே ஒரு பூட்டு வடிவமைத்தேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆகவே ஆயுத பூஜையன்று தகட்டோடு அந்தப் பூட்டையும் கழற்றி, சந்தனம் பூசி, மாலை போட்டு, பட்டறையிலுள்ள சாமி அலமாரியில் வைத்தேன். அதன் பிறகு எடுக்க மனம் வரவில்லை.

சம்பவத்தன்று குமரவேல், "அண்ணாச்சி, அதுகள மாட்டிட்டு அறுக்கட்டா?" என்று கேட்டான். "ஏலே, சாமிகிட்ட இருக்குல்லா, அங்கனயே இருக்கட்டும். சாமிக்குத் தெரியும்" என்றேன். "சாமிக்குத் தெரியும் அண்ணாச்சி. பலகைக்குத் தெரியணும்லா?" என்றான். வாய்க்கொழுப்பு என்று ஏசி, அறுக்கச் சொன்னேன். அதன் பிறகு அவன் ஒதுங்கி நின்றுகொண்டு அறுத்தான். நான் அவனுக்குப் பின்னால், வாளுக்கு நேரே உள்ள அலமாரியில், மேற்படி தகட்டுக்கும் பூட்டுக்கும் கற்பூரம் காட்டினேன். கைடு சாய்ந்து, பலகை இறுகி, வாளின் பின்பக்கப் பல்லில் சிக்கித் திரும்பி வந்தது. "வெலகும் அண்ணாச்சி!" என்று அவன் கத்தியது கேட்டது. பலகை முந்திக்கொண்டது.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் மனைவி கைபேசியில் அழைத்தாள். ஸ்ரீவைகுண்டம் வீட்டுக்குக் கதவு போக வேண்டியிருப்பதால் அவள் தம்பி சிவகணேஷ் பட்டறையில் அறுத்துக்கொண்டிருப்பதாகவும், நான் பிழைத்ததற்காக அலமாரியில் கற்பூரம் காட்டப் போவதாகவும் சொன்னாள். வாள் சத்தம் எனக்கும் கேட்டது. "அங்கன நிக்காத, வெளிய வா!" என்றேன். "ஒண்ணும் கேக்கல, வைக்கேன்" என்று வைத்துவிட்டாள். திரும்ப அழைத்தும் இருவரும் கைபேசியை எடுக்கவில்லை.

எனவே உடனே பட்டறைக்கு ஒரு காவலரை அனுப்பி மின்சார மெயினை அணைக்கவும். காவலரும் அலமாரிக்கு நேரே நிற்க வேண்டாம். குமரவேலை விடுவித்து, அவன் கையாலேயே தகட்டையும் பூட்டையும் மாட்டச் சொல்லவும். இன்று செவ்வாய்க்கிழமை, ராகு காலம் நடக்கிறது. பரவாயில்லை, இப்போதே எடுக்கலாம்.

முழுவதும் படித்துக் காட்ட நேரமில்லை. சொன்னது அத்தனையும் உண்மை. கையெழுத்துக்குத் தாளைக் கட்டிலுக்குக் கீழே பிடிக்கவும்.

(ஒப்பம்) ஐ. ஆவுடைநாயகம்