பதினோராவது தட்டு

"அலோ... அலோ, பவானி... ஆமா, அண்ணன்தான் பேசறேன். கேக்குதா?... கடையிலதான் நிக்கிறேன். கடலூர்லதான்... இல்ல, இன்னும் வாங்கல. அதுக்குத்தான் போன் பண்றேன். நீ சொன்ன சாமான இந்தப் பொண்ணு எடுத்துக் குடுத்துச்சு. நெஜமா இதயா கேட்ட?... இதயேதானா?... கட்டவெரல் தண்டி இருக்குது பவானி!"

ராஜவேல் அதை உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தான். பத்தொன்பது வருஷமாகக் கடலூர் முதுநகரில் மூட்டை தூக்குகிறவன். எந்தப் பொருளையும் தூக்கிப் பார்த்துத்தான் மதிப்புப் போடுவான். சிமெண்டு, யூரியா, புளி, கருவாடு எல்லாம் அவன் தோளுக்கு அத்துப்படி. டிவியின் பின்னால் செருகினால் போதும், போனில் வருகிற படம், பாட்டு, பாடம் அத்தனையும் டிவியில் வரும் என்று கடைப்பெண் சொன்ன இந்தக் கறுப்புத் துண்டு கையில் இருப்பதே தெரியவில்லை. இதைப் போய் ஒருவன் சீர் என்று கொண்டுபோக முடியுமா?

"ஸ்டிக்கு ஸ்டிக்குன்னு சொன்னியே, ஒரு மொழமாவது இருக்கும்னு நெனச்சேன்... சிரிக்காத. நாளைக்குக் காலையில உன் தெருமுனையிலேந்து பதினோரு தட்டு வருது. பழம், பூ, வேட்டி, பொடவ, இனிப்பு, எல்லாம் பத்துத் தட்டுல வந்துரும். பதினொண்ணாவது தட்டு நான் தூக்கிக்கினு வரணும். அதுல இத வெச்சா என்னா ஆவும்? வெத்துத் தட்டத் தூக்கிக்கினு அண்ணங்காரன் வரான்னு நெனைப்பாங்க... ஆமா... ஆமா, தெரியுது, நீதான் கேட்ட. நான் இல்லன்னு சொல்லல."

சிதம்பரத்தில் பவானியும் அவள் புருஷன் மணவாளனும் வயிற்றைக் கட்டி எழுப்பிய இரண்டு அறை வீட்டுக்கு நாளைக்குப் பால் காய்ச்சுகிறார்கள். தாய் வீட்டுச் சீர் கொண்டுபோக அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன். தெரு முழுக்க வாசலில் நின்று பார்க்கும். தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற கண்களுக்கு அவன் ஏற்கெனவே ஒருமுறை பதில் சொல்ல முடியாமல் நின்றவன். இன்னொரு முறை நிற்கத் தயாராக இல்லை.

"இங்க ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், கேளு. ஹோம் தியேட்டராம். அஞ்சு ஸ்பீக்கரு. கூடவே தரையில வெக்கிற மாதிரி ஒரு பெரிய பொட்டி. அட்டப் பொட்டியோட தூக்குனா ரெண்டு ஆளு வேணும். நான் ஒருத்தனே தூக்கிருவேன், அது வேற... என்னா?... டிவிடியா? ஆமா, தட்டு போட்டாதான் படம் ஓடும்... தட்டு நம்மகிட்ட ஏது? வாங்கிக்கலாம்... இப்ப எங்கயும் விக்கிறதில்லியா? யாரு சொன்னது? இரு, கேக்கறேன். ஏம்மா, இதுல போடற படத்தட்டு கெடைக்குமில்ல?"

கடைப்பெண் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். ராஜவேல் அந்தப் பெட்டியின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தான். விரலில் தூசி கனமாக வந்தது.

"இல்லியாம்... ஆமா, நீ சொன்னதுதான் சரி. அப்புறம் எதுக்கும்மா இத இங்க வெச்சிருக்கீங்க?... நான் உன்னக் கேக்கல பவானி, இந்தப் பொண்ணக் கேட்டேன்... சரி விடு. அப்ப இப்படிப் பண்ணுவோம். நீ கேட்ட ஸ்டிக்கயே வாங்கிடறேன். ஏம்மா, பெரிய டிவி வந்த காலி அட்டப் பொட்டி ஒண்ணு இருந்தா குடேன்... ஆங், அதுதான், அந்த அம்பத்தஞ்சு இன்ச்சு பொட்டி. உள்ள தெர்மாகோல் இருக்கட்டும், எடுக்காத... என்னா பவானி? எதுக்குக் கத்தற?... ஏமாத்து வேலையா? பேக்கிங்மா, பேக்கிங்!... பொட்டிய எல்லாரு முன்னாடியும் பிரிப்பாங்களா? எதுக்குப் பிரிக்கணும்? அப்படியே உள்ள வாங்கி வெச்சிக்க... உங்க சின்ன நாத்தனாரு விடாதா?... ஆமா, அது விடாது. தெர்மாகோல ஒவ்வொண்ணா எடுத்துக் கடைசியில வெரல் தண்டி சாமான எடுத்தா... ஆமா, அது இன்னும் அசிங்கம். பொட்டி வேணாம்மா, உள்ள வெச்சிடு."

பெட்டியைத் தூக்கி வந்த கடைப்பெண் அப்படியே திரும்பிப் போனாள். போகிற போக்கில், டிவியின் பின்னால் ஸ்டிக்கைச் செருகுவதற்கு இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளச் சொன்னாள்.

"பவானி, டிவிக்குப் பின்னாடி பாரு. தட்டையா, கீழ ரெண்டு ஓரமும் சரிஞ்சா மாதிரி ஓட்டை இருக்கணுமாம்... ரெண்டு இருக்குதா? ஒண்ணுல கேபிள் பொட்டியா? இன்னொண்ணு சும்மாதான கெடக்குது, போதும்... வைபை? மச்சான் போட்டுட்டாரா? அப்ப சரி... இரு இரு, நடுவாந்தரமா ஒண்ணு எடுத்துக் காட்டுது. டிபன் பாக்ஸ் கணக்கா இருக்குது. இதுவும் அதே வேலதான் செய்யுமாம். தட்டுல வெச்சா கண்ணுக்காவது தெரியும்... என்னா கேக்கணும்? புளூடூத்தா?... ஏம்மா, இதுல புளூடூத்து இருக்குதா?... இதுல இல்லியாம். அந்த வெரல் தண்டி சாமான்லதான் இருக்குதாம். புளூடூத்து உனக்கு எதுக்கு?... ஹெட்செட்டு மாட்டறதுக்கா? டிவி பாக்க ஹெட்செட்டு எதுக்கு? யாரு மாட்டப் போறாங்க, உன் புள்ள அறிவுமதியா?... அப்புறம் யாரு?"

பதில் வந்ததும் அவன் சாய்ந்து நின்ற மேஜையிலிருந்து நிமிர்ந்தான்.

"உங்க மாமனாருக்கா?"

பக்கத்தில் மிக்சி பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். ராஜவேல் குரலைத் தணித்தான். ஆனால் சூட்டைத் தணிக்கவில்லை.

"அவருக்காகவா இத்தன அலைச்சல்? சபாபதி மாமாவுக்கு நான் சீர் தூக்கணுமா?... ஆமா, மறக்கலதான். எப்படி மறப்பேன்? உன் கல்யாணத்தன்னிக்கி ஒத்த டேபிள் ஃபேனு தூக்கிக்கினு வந்தேன். அப்பா செத்து ஆறு மாசம். மூட்ட தூக்கப் போன மொத வருசம். அதுக்கு மேல என்னால ஆவல. பந்தல்ல அத்தன பேரு நிக்கிறாங்க, உங்க மாமனாரு தெருவ எட்டிப் பாத்துட்டுக் கேக்கறாரு, 'பின்னால வண்டி வருதா?'ன்னு... சிரிச்சாங்க பவானி. எல்லாருமே சிரிச்சாங்க... நீயும் மணவறையிலேந்து பாத்துக்கினுதான் இருந்த... பதினெட்டு வருசம் ஆனா என்னா? நாளைக்கும் அதே மனுசன்தான வாசல்ல நிப்பாரு?"

அவன் ஸ்டிக்கைக் கண்ணாடி மேஜை மேல் வைத்தான். வைத்த சத்தம்கூட வரவில்லை. அது வேறு எரிச்சலாக இருந்தது.

"சரி, சொல்லு. கேக்கறேன்... ம்... ஆலையில வேல பாத்தாரு, காது போச்சு, தெரியும்... ம்... டிவிய ஊருக்கே கேக்கற மாதிரி வெப்பாரு, அதுவும் தெரியும். அன்னிக்கி வந்தப்ப என் காதே அடச்சிருச்சி... ஆமா... ஆமா, புள்ள பன்னெண்டாவது படிக்குது, சத்தம் ஆவாதுதான்... என்னா?... சத்தத்த சுத்தமா நிறுத்திட்டாரா? யாரு சொல்லி?... அவராவா?"

மறுமுனையில் பவானி சொல்லிக்கொண்டே போனாள். ராஜவேல் மிக்சிகளின் வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பத்து மாசமா?... வெறும் படம் மட்டும் ஓடுதா? நியூசு?... கீழ எழுத்து ஓடுமே, அத படிச்சுக்கறாரா... சீரியலு? அதுல எழுத்தே வராதே, என்னா பண்ணுவாரு?... அவரே பேசறாரா! மாமியாருக்கு ஒரு கொரலு, மருமவளுக்கு ஒரு கொரலா?... அய்யய்யோ... அவரே வசனம் சொல்லி அவரே சிரிக்கிறாரா?... உன்ன மாதிரியே பேசறாரா, அந்த மருமவ? எப்படி, பேசிக் காட்டு... அடப்பாவி மனுசா!"

சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் ராஜவேல் சிரித்துவிட்டான். முப்பது வருஷம் கரும்பு அரைக்கிற உருளைகளுக்குப் பக்கத்தில் நின்ற மனுஷன். உடம்பை விற்றுச் சோறு தின்றவர்களுக்கு முதலில் எது போகும் என்று ராஜவேலுக்குத் தெரியும். அவருக்குக் காது. இவனுக்கு இடது முட்டி எப்போதோ போய்விட்டது.

"சரி பவானி. ஸ்டிக்கே வாங்கறேன். ஹெட்செட்டும் நானே வாங்கறேன், நீ ஒண்ணும் வாங்காத. ஆனா ஒண்ணு மட்டும் கேக்கறேன், உண்மையச் சொல்லு. அந்தத் தட்டப் பாத்தா உனக்கு அசிங்கமா இருக்காதா?... நெஜமா?... என்னா?... வேணாம், அவருகிட்டலாம் குடுக்காத. நான் என்னா பேசறது? பவானி... பவானி, குடுக்காத... மாமா! வணக்கம் மாமா!"

மறுமுனையில் வந்த குரல், போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வைத்தது. ராஜவேலும் வேறு வழியில்லாமல், லாரி மேல் நிற்கிறவனைக் கூப்பிடுகிற குரலில் கத்தினான்.

"ராஜவேலு! ராஜவேலு மாமா!... நல்லா இருக்கேன்!... ஆமா, நாளைக்குத்தான்!... சீர் வாங்கத்தான் கடைக்கு வந்தேன்!... சின்னது மாமா! ரொம்பச் சின்னது!... வெரல் தண்டி!... ஆமா, பாக்கெட்டுல போட்டா போட்டதுதான்!... வண்டியெல்லாம் இல்ல மாமா! இந்தத் தடவையும் பின்னால வண்டி வராது!"

வாய் தவறி வந்துவிட்டது. கடை மொத்தமும் அவனைப் பார்த்தது. டிவிகள் இருபது ஓடிக்கொண்டிருந்தன. ராஜவேல் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"...ஞாபகம் இருக்குதா?... இருக்குதா!... ஆமா மாமா, நீங்கதான் கேட்டீங்க, பந்தல்ல... வாய்க்கொழுப்பா? நான் சொல்லல, நீங்களே சொல்லிக்கறீங்க!... இல்ல... இல்ல மாமா, காலுல விழறதெல்லாம் எதுக்கு... அய்யோ, பெரியவரு அப்படிலாம் பேசாதீங்க... சரி மாமா... சரி... இப்படிப் பட்டுனு ஒத்துக்கினா நான் யார்கிட்ட சண்ட போடறது? பதினெட்டு வருசமா ஒரு பதில யோசிச்சு யோசிச்சு தீட்டி வெச்சிருந்தேன்!... சொல்லவா?... வேணாம் மாமா, கடையில பொம்பளைங்க இருக்காங்க!"

மிக்சி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராஜவேல் புறங்கையால் முகத்தைத் துடைத்தான். கடைக்குள் ஏசி ஓடியது. ஆனாலும் வேர்த்திருந்தது.

"என்னா மாமா?... ஆமா, ஹெட்செட்டும் வருது!... உங்களுக்குத்தான்! வேற யாருக்கு?... தெருமுனைக்கா? நீங்க எதுக்கு வரீங்க, சம்பந்தி வாசல்ல நின்னுதான் வாங்கணும். அதுதான் வழக்கம்... வழக்கத்த தூக்கிப் போடறதா?... சரி, வாங்க... அங்கயே மாட்டிக்கிறீங்களா? தலையிலயா? தெருவுல போட்டுக்கினு நடந்தா அதுல ஒண்ணும் கேக்காது மாமா! டிவியில சேத்தாதான் சத்தம் வரும்!... பரவால்லியா?... எல்லாரும் பாக்கறதுக்கா?... ராஜவேலு வாங்கிக் குடுத்ததுன்னு சொல்லிக்கினே வரீங்களா?"

ராஜவேல் மேஜை மேல் கிடந்த ஸ்டிக்கை எடுத்துச் சட்டையில் துடைத்து மறுபடி வைத்தான்.

"இல்ல மாமா, லைன்லதான் இருக்கேன்... ஒண்ணும் இல்ல... சரி மாமா, அப்படியே செய்ங்க. ஆனா காத மூடிக்கினா மேளம் கேக்காதே உங்களுக்கு... இப்பவும் கேக்காதா! அதுவும் சரிதான்!... ஆமா... ஆமா, ஏழு மணிக்குள்ள வந்துருவோம்... மாமா, பவானிகிட்ட குடுங்க... பவானிகிட்ட... அதுல எதயும் அமுக்காதீங்க மாமா, அப்படியே குடு..."

லைன் அறுந்தது.

ராஜவேல் போனைச் சட்டைப்பையில் போட்டான். அந்தக் கறுப்புத் துண்டைப் பத்திரமாக எடுத்துக் கடைப்பெண்ணின் பக்கம் நகர்த்தினான்.

"இத பில்லு போடும்மா. கூட ஒரு ஹெட்செட்டு. காத முழுசா மூடணும், இருக்கறதுலயே பெருசா எடு... கருப்பு வேணாம். செவப்பு இருக்குதா? தெருக்கோடியிலேந்து பாத்தாலும் தெரியணும்."