இடது காலுக்கும் ஓய்வு கொடுங்கள், அண்ணா!

மேடு கண்டு மிரளாத மேலோரே! பள்ளம் கண்டு பதறாத பண்பாளரே! பணிமனையின் பெருமையே! 'ரெண்டாம் கியர் அண்ணன்' என்று நாங்கள் பேர் சூட்டிப் போற்றும் மூத்த ஓட்டுநரே! பணி நிறைவு காணும் தங்களுக்கு எங்கள் வணக்கம்.

கைக்குள் கியரும் காலுக்குள் கிளட்ச்சும் இருக்கும்வரை ஏறியவர் உயிருக்குத் தாங்களே பொறுப்பென்று வாழ்ந்தீர்கள். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் தானியங்கிப் பேருந்துகள் வந்தபோது, மேலாளர் கெஞ்சியும், "அது எப்ப மாத்தும்னு அதுக்கே தெரியாது. வண்டி நம்ம பேச்சைக் கேக்கணும்பா" என்று சொல்லி ஏற மறுத்தீர்கள். மருத்துவமனை மேட்டில், கொட்டும் மழையில் பிரேக் கைவிட்ட அன்று, கியரை இரண்டு வரை குறைத்துக் குறைத்தே நிறைந்த பேருந்தை நடையாய் நடத்திக் கீழே நிறுத்தினீர்கள். உள்ளே இருந்த நம் நடத்துநரின் நிறைமாத மனைவிக்குப் பிறந்த பெண், இதோ, பூங்கொத்தோடு நிற்கிறாள்.

இனித் தங்கள் நேரந்தவறாமையைப் பாட வேண்டும். மன்னியுங்கள், மனம் அதில் நிற்கவில்லை.

தங்கள் மகள் ஆசையாய் வாங்கித் தந்த கியரில்லாக் கார் வாசலில் நிற்கிறது. அவள் மனம் நோகுமென்று வாய் திறக்காமல் ஓட்டுகிறீர்கள். போன வாரம் கடைத்தெருவில், வேகம் குறைக்கும்போது தங்கள் இடது கால் கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை ஓங்கி மிதித்தது. நடுச்சாலையில் கார் சட்டென்று நிற்க, பின்னால் வந்த லாரி ஒரு முழம் தள்ளி நின்றது. தாங்கள் லாரிக்காரரைத் திட்டினீர்கள். அண்ணியோ மறுநாள் எங்கள் ஓய்வறைக்கு வந்து அழுதார். "நான் சொன்னா, வண்டியைப் பத்தி உனக்கென்ன தெரியும்னு வாயை அடைச்சிடுவார். நீங்க மைக்கில சொல்லுங்க. அங்க எந்திரிச்சுப் போக முடியாதில்ல?"

ஆகவே மைக்கில் சொல்கிறோம். காலின் மேல் குற்றமில்லை. கடமை தவறாத கால், இல்லாத கிளட்ச்சுக்கும் உழைக்கிறது. திங்கள் முதல் நாங்களும் தானியங்கி ஓட்ட வேண்டும். எங்கள் கால்களை நினைத்தும் தூக்கமில்லை. எங்களுக்காவது பயிற்சி தருகிறார்கள். தங்களுக்கு யார் தருவார்?

மகளிடம் பேசிவிட்டோம். "அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்று கலங்கினாள். அடுத்த வாரம் கியர் வண்டி வரும். அதுவரை கார்ச் சாவியைத் தேடாதீர்கள். அது அண்ணியின் கைப்பையில் இருக்கிறது.

நோய் அண்டாமல், நிம்மதி குன்றாமல், தாங்கள் இருவரும் நெடுங்காலம் வாழ வேண்டும். அதற்கு முதலில் இன்று பத்திரமாய் வீடு போய்ச் சேர வேண்டும். தாங்கள் ஓட்டிய பேருந்தே வெளியே காத்திருக்கிறது. அண்ணிக்குப் பக்கத்தில், பயணியாய் அமருங்கள். மருத்துவமனை மேட்டிலிருந்து இறங்கும்போது தங்கள் இடது கால் ஆசை தீர மிதிக்கட்டும், அண்ணா. அங்கே வெறும் தரைதான்.

கவலை தீராத அன்புடன்,
பணிமனை ஓட்டுநர்கள், நடத்துநர்கள், பழுதுபார்ப்போர்