நேர்காணலுக்குப் போகாமல் கிடைத்த வேலை

என் பெயர் ஜக்கம்மாள், வயது 41, கணவர் பெயர் சடையாண்டி (காலமாகிவிட்டார்). திண்டுக்கல்லை அடுத்த வேலாம்பட்டறை நகராட்சி, காளியம்மன் கோவில் தெருவில் குடியிருந்து வருகிறேன். மேற்படி நகராட்சியில் குடிநீர்க் குழாய் வால்வு திறந்துவிடும் வேலை பார்க்கிறேன். லஞ்ச ஒழிப்பு ஆய்வாளர் விசாரித்ததில் நான் தெரிவிப்பதாவது:

என் கணவர் எங்கள் வார்டு கவுன்சிலர் பழனிக்குமாருக்குக் கட்சிக்கொடி கட்டி வந்தார். சென்ற தேர்தலின்போது ஏணியிலிருந்து தவறி விழுந்து இறந்துபோனார். அதன் பிறகு நான் விசேஷ வீடுகளில் காய் நறுக்கி என் மகள் ஜீவிதாவைப் படிக்க வைத்தேன். துக்கத்துக்கு வந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் ஏதேதோ செய்வதாகச் சொன்னார்கள். சொன்னதைச் செய்தவர் கவுன்சிலர் அண்ணன் ஒருவர்தான்.

நகராட்சியில் ஆள் எடுக்க நேர்காணல் நடந்த அன்று அண்ணன் மகளுக்குச் சடங்கு. நான் அங்கே சாம்பாருக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நேர்காணலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றதற்கு அண்ணன், "நீ எதுக்குத்தா வெயில்ல போயி நிக்கிற? அம்புட்டையும் நான் பாத்துக்கிறேன், நீ வெஞ்சனத்தப் பாரு" என்றார். அதனால் நான் போகவில்லை. அதன் பிறகு வேலை உத்தரவை அவரே வீடு தேடி வந்து கொடுத்தார். என் வீட்டில் ஒரு வாய்க் காப்பிகூடக் குடிக்கவில்லை.

அதன் பிறகு மாரியம்மன் திருவிழாவுக்கு, அண்ணன் படத்தையும் சீருடையில் இருக்கும் என் படத்தையும் போட்டு, 'வேலை வாங்கித் தந்த அண்ணனுக்கு நன்றி' என்று பிளக்ஸ் வைத்தேன். உதவி பெற்றவர்கள் அப்படி வைப்பது எங்கள் பக்கம் வழக்கம், வைக்காவிட்டால்தான் பேசுவார்கள். அதைப் பார்த்துத்தான் குஜிலியம்பாறை தமிழ்மதி என்பவர் புகார் கொடுத்ததாகத் தெரிந்துகொண்டேன். டிப்ளமோ படித்த பிள்ளையாம், நேர்காணலுக்கு வந்து நாள் முழுக்க நின்றதாம். கேட்டதும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. அந்தப் பிள்ளை அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதற்கும் ஏதாவது செய்து கொடுத்திருப்பார்.

நேற்று அண்ணனுடைய வக்கீல் வந்து, நான் நேர்காணலுக்குப் போய்க் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி என் திறமையில் தேர்வானதாகச் சொல்லச் சொன்னார். இல்லாவிட்டால் எனக்கு வேலை போய்விடும், அண்ணன் ஜெயிலுக்குப் போவார் என்றார். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். புருஷன் செத்து நடுத்தெருவில் நின்றவளுக்குக் கைகொடுத்தவரை, அவர் எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? வேலை போனாலும் போகட்டும், நன்றி கெட்டவள் என்ற பெயர் மட்டும் எனக்கு வேண்டாம்.

மேலே கண்டவை நான் சொன்னபடியே எழுதப்பட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டன, எல்லாம் உண்மை. இந்த வேலையை வாங்கித் தந்தவர் பழனிக்குமார் அண்ணன்தான் என்பதை இன்னொரு முறை தெளிவாக எழுதும்படி ஆய்வாளரைக் கேட்டுக்கொண்டேன். எழுதிக்கொண்டார்.

(ஒப்பம்) ஜக்கம்மாள்