முதல் கோப்பைத் தண்ணீர்

கொட்டின பாலை உடனே துடைத்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் எந்த மருந்து போட்டாலும் அந்த நாற்றம் மூன்று நாளைக்குப் போகாது. எல் மிராதோர் தொடக்கப் பள்ளியில் இருபத்தாறு வருடமாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறவன் நான். இந்த மாதிரி விஷயங்களில் என் பேச்சை நம்பலாம். முழுப்பெயர் எவுசேபியோ பர்ரகான். ஊரில் பெரியவர் சிறியவர் எல்லாரும் மரியாதையாகக் கூப்பிடுவது தோன் செபோ. நீங்கள் மாநிலச் சுகாதாரத் துறையிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். நான் சொல்கிற வரிசையில் எழுதினால் போதும். நடுவில் குறுக்குக் கேள்வி போட்டால் எனக்கு விட்டுப்போகும்.

யரேலி மோந்தெஹானோவைப் பால்பல் விழுகிற வயதிலிருந்தே தெரியும். இந்தப் பள்ளியில்தான் படித்தாள். இப்போது இருபத்து நான்கு வயது. பகலில் பாதாம் கொட்டகையில் வேலை, சாயங்காலம் ஊர் வேலை. கல்லறைச் சாலைக்குத் தெருவிளக்கு வந்தது அவள் மனு எழுதி எழுதித்தான். புருஷன் இல்லை, ஆம்பர் என்று ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. போன வருடம் பள்ளியை நடத்துகிற வாரியத்தின் தேர்தலுக்கு நின்றாள். டயர் கடை ஹில் ஒர்னெலாஸ் இருபது வருடமாக ஒட்டிக்கொண்டிருந்த நாற்காலிக்கு.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு செப்டம்பர் வெயிலில் வீடு வீடாக ஏறினாள். காசு போட்டுத் துணி துவைக்கிற கடையில் ஒரு நாள் என் கண்ணெதிரே நடந்தது. ஒரு பெண்மணி கேட்டாள்:

"ஏண்டி யரேலி, ஓட்டுக் கேக்க வந்தியா, துணி துவைக்க வந்தியா?"

"ரெண்டுக்கும்தான் அத்தை. நீங்க ஓட்டப் போடுங்க, உங்க போர்வைய நான் பிழிஞ்சு தரேன்."

பிழிந்தும் கொடுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல பெண். அதை நான் மறுக்கவே இல்லை.

அவள் பேச்செல்லாம் ஒரே விஷயம்: பள்ளித் தண்ணீர். ஆம்பருக்கு அடிக்கடி வயிற்று வலி. மழலையர் வகுப்பில் இன்னும் நாலைந்து பிள்ளைகளுக்கும் அப்படித்தான். தண்ணீரைச் சோதிக்க வேண்டும், யாராவது ஒரு பெற்றோர் கூட நிற்க வேண்டும் என்றாள். தாய்மார்கள் பிள்ளைகளிடம் பாட்டில் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார்கள். அவள் ஜெயித்துவிடுவாள் என்று ஒர்னெலாஸின் மச்சானே பந்தயம் கட்டினான்.

தண்ணீர் சோதனை எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் என் வாயால் வர வேண்டும் என்கிறீர்கள். ராத்திரி முழுக்கக் குழாயில் தேங்கிக் கிடந்த தண்ணீரில்தான் குழாயில் உள்ளது இறங்கியிருக்கும். அதனால் காலையில் யாரும் தொடுவதற்கு முன்னால் வருகிற முதல் கோப்பையைப் பிடிக்க வேண்டும். அரை மணி நேரம் திறந்துவிட்டுப் பிடித்தால் கிணற்றுத் தண்ணீர்தான் வரும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் அருமையான தண்ணீர்.

மழலையர் வகுப்புப் பக்கத்துக் குழாய்களை ஒன்பது வருடம் முன்னால் கோடை விடுமுறையில் நான் ஒருவனாகவே மாற்றினேன். அதற்கு எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். இணைப்புகளைப் பற்றவைக்க ஈயமில்லாத கம்பி அனுப்பியிருந்தார்கள். அது லேசில் உருகாது, நின்றும் தொலைக்காது. என் கொட்டகையில் பழைய சுருள் ஒன்று கிடந்தது. அது வெண்ணெய் மாதிரி ஓடும். வேலை ஒரு வாரம் முன்னாலேயே முடிந்தது. இன்றுவரை ஒரு இணைப்பு ஒழுகியதில்லை, நீங்கள் போய்ப் பார்க்கலாம்.

மூன்று வருடம் முன்னால் முதல் சோதனை வந்தபோது நான் ஒழுங்காகத்தான் பிடித்தேன். முதல் கோப்பை. மழலையர் வகுப்பின் மூன்று குழாயிலும் ஈயம் அதிகம், சிறு பிள்ளைகளுக்கு ஆகாது என்று கடிதம் வந்தது. மாதிரி எடுப்பவன் நானே, ஆகவே கடிதம் என் பெயருக்கு வந்தது. மறுபடி எடுத்தேன், இந்த முறை அரை மணி திறந்துவிட்டு. சுத்தம் என்று வந்தது. அதைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தேன். என் மனைவிக்குச் சர்க்கரை, அவளுடைய ஊசி மருந்தெல்லாம் பள்ளிக் காப்பீட்டில்தான் ஓடுகிறது. வேலை போனால் அவள் கதி என்ன என்று நீங்களே சொல்லுங்கள். அதற்கப்புறம் தலைக்கு மேல் போன வெள்ளம், சாண் என்ன முழம் என்ன.

என் பேத்தி சித்லாலியும் அதே வகுப்புதான். அவள் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோவாள். அது குடும்ப விஷயம்.

யரேலியின் தொல்லை தாங்காமல் அக்டோபர் கடைசியில் வாரியம் ஒத்துக்கொண்டது. காலை ஆறு மணிக்கு அவள் முன்னிலையில் மாதிரி எடுப்பது, பாட்டில்களை அவளே ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போவது. நான் நாலேகாலுக்கு வந்தேன். பொத்தான் வைத்த குழாய்களுக்கு டேப் ஒட்டி அழுத்தி வைத்து, பதினோரு குழாயையும் திறந்துவிட்டேன். ஐந்தேகாலுக்கு மூடினேன். தரையைத் துடைத்தேன்.

அவள் ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தாள். எனக்கும் சேர்த்துக் காப்பி வாங்கி வந்திருந்தாள், இனிப்பு ரொட்டியும்.

"சாப்பிட்டுட்டு ஆரம்பிக்கலாம் தோன் செபோ. உங்க மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல, தப்பா நெனைக்காதீங்க. கண்ணால பாத்தாதான் நாலு பேருக்கு நான் சொல்ல முடியும்."

"எனக்கென்னம்மா. மடியில கனமிருந்தாத்தானே வழியில பயம்."

மழலையர் வகுப்புத் தொட்டியில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"ஈரமா இருக்கே?"

"ராத்திரி தேய்ச்சுக் கழுவினேன். காயலபோல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் ரொட்டியைக் கடித்தேன். "சரி, நீங்க சொன்னா சரிதான்" என்று பாட்டிலை நீட்டினாள். ஒவ்வொரு பாட்டிலிலும் தன் கையாலேயே எழுதினாள்.

முடிவு சுத்தம் என்று வந்தது, தேர்தலுக்கு ஐந்து நாள் முன்னால். காகிதம் அவள் கையில் மட்டும்தான் இருந்தது. ஐந்து நாள் மறைத்து வைத்திருந்தால் ஜெயித்திருப்பாள். வேறு யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அவள் அன்று மாலையே வேட்பாளர் கூட்டத்தில், பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில், இருநூறு பேருக்கு முன்னால் அதைப் படித்தாள்.

"நான் சொன்னது தப்பு. நானே கூட நின்னு பாத்தேன். தண்ணி நல்லாத்தான் இருக்கு. உங்களப் பயமுறுத்தினதுக்கு மன்னிச்சுக்கோங்க."

"ரெண்டு மாசமா எம்பொண்ணு பாட்டில் தூக்கித் தூக்கித் தோள்பட்டை வீங்கிருச்சுடி!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

ஒர்னெலாஸ் எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். "தண்ணியில ஒண்ணும் இல்லயாம். இப்ப அம்மணி தலையில என்ன இருக்குன்னு ஒரு சோதனை பண்ணிப் பாப்பமா?"

கூடமே சிரித்தது. யரேலி அழவில்லை. ஆம்பரைக் கையில் பிடித்துக்கொண்டு மழலையர் வகுப்புக் குழாய்க்கு நடந்தாள். எல்லாரும் பின்னால் போனோம். முதலில் அவள் குடித்தாள். பிறகு குழந்தை. ஆம்பருக்குப் பொத்தானை அழுத்தப் பலம் போதவில்லை. நான்தான் அழுத்திப் பிடித்தேன்.

அந்தத் தண்ணீரில் கெடுதல் இல்லை. பகல் முழுக்க ஓடின தண்ணீர் அது. காலையில் பிடிக்கிற தண்ணீர்தான் ஆகாது. மறுநாளிலிருந்து தாய்மார்கள் பாட்டில் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். யரேலிதான் முதலில் நிறுத்தினாள். மழலையர் வகுப்புப் பிள்ளைகள் ஏழே முக்காலுக்கு வருவார்கள், வந்ததும் குழாய்க்கு ஓடுவார்கள். நான் நடைபாதையைப் பெருக்கிக்கொண்டிருப்பேன். ஓடினால் வழுக்கும் என்று தினமும் எச்சரிப்பேன். ஒரு பிள்ளைகூட விழுந்ததில்லை.

அவள் முப்பத்தொரு ஓட்டில் தோற்றாள்.

மார்ச் மாதம் ஒரு நாள் பள்ளி விட்ட பிறகு என்னிடம் வந்தாள். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

"ஆம்பருக்கு என்னமோ ஆகுது தோன் செபோ. நிறமெல்லாம் சொல்லிட்டிருந்தா, இப்ப சிவப்புன்னு கேட்டா முழிக்கிறா. பேச்சும் கொறஞ்சுபோச்சு, உக்காந்த எடத்துல தூங்குறா. தண்ணின்னு நெனச்சேன், அது இல்லன்னு ஆயிருச்சு. வேற என்னன்னு தேடுறதுன்னே தெரியல. நீங்க கட்டடமெல்லாம் பாத்தவரு, சொல்லுங்களேன்."

அவள் உட்கார ஒரு நாற்காலி எடுத்துப் போட்டேன். நான் என்ன கல்லா? ஆனால் அந்த இடத்தில் என்னால் என்ன செய்ய முடியும்?

"உங்க வாடகை வீடு பழசுதானேம்மா. சுவத்துல பழைய பெயிண்ட் இருக்கும். அதுல ஈயம் இருக்கும். சுரண்டிப் பாரு."

இரண்டு வாரம் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு சுரண்டினாள். விரலெல்லாம் புண். அப்புறம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சித்தி வீட்டுக்குக் குடிபோனாள். பள்ளிக்கு மட்டும் ஒரு நாள் தவறாமல் கொண்டுவந்து விட்டாள், படிப்பில் பின்தங்கிவிடக் கூடாதென்று. நான் ஈயம் என்ற வார்த்தையைச் சொன்னதால்தான் அவள் மருத்துவமனையில் ரத்தம் எடுக்கச் சொன்னாள். அதிலிருந்துதானே நீங்களே வந்தீர்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், விட்டுவிடாதீர்கள்.

பதினேழு பிள்ளைகள் ரத்தத்தில் ஈயம் என்கிறீர்கள். ஆம்பருக்குப் போன பேச்சு முழுக்கத் திரும்பாது என்று மருத்துவர் சொன்னதாகவும் சொன்னீர்கள். கேட்டேன். அந்தப் பட்டியலைத் திரும்ப என் பக்கம் நகர்த்த வேண்டாம். நேற்று வாகன நிறுத்தத்தில் யரேலி என் வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அன்னைக்கு நான் வர்றதுக்கு முன்னாடி தெறந்து விட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினேன். விலகி வழிவிட்டாள்.

உங்களுக்குச் சொல்கிறேன். ஆமாம், திறந்துவிட்டேன். பற்றவைத்ததும் நான்தான். கடிதத்தை ஒளித்ததும் நான்தான். தெரிந்தேதான் செய்தேன், ஒவ்வொரு நாளும் தெரிந்தேதான் பெருக்கிக்கொண்டு நின்றேன். இதில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கீழே நீங்கள் எழுதியிருக்கிற அந்தக் கடைசி வரியை மட்டும் அடித்துவிடுங்கள், அவள் தோற்றதற்கும் நான்தான் காரணம் என்கிற வரியை. அது அநியாயம். நான் ஓட்டுப் போட்டதே அவளுக்குத்தான்.