இரண்டாவது வளைவில் விளக்கு எரியாத ஆறு மாதம்

விசாரணை அதிகாரி அவர்களுக்கு,

சாலைத் தொழில் மாநாட்டில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு எழுத்து ஓடும். முன்வரிசை நடுவில் தலைமைப் பொறியாளர். அவருக்கு இடப்பக்கம் தார்க் கலவை இயந்திரம் விற்பவர்கள், வலப்பக்கம் சிக்னல் கேமரா நிறுவனத்தார். மூன்றாவது வரிசை ஓரத்தில் என் அக்கா. அத்தான் இறந்து இரண்டு மாதம்தான், ஆனாலும் தம்பி மேடையேறுகிறான் என்று வந்திருந்தாள். கடைசி வரிசையில், கதவருகே, மலைச்சாலை விளக்குகளைப் பராமரிக்கும் எங்கள் விளக்குக்காரர். மாதிரி விளக்கைத் தூக்கிவர அழைத்திருந்தோம். அதை மடியிலேயே வைத்திருந்தார்.

என் கட்டுரை எளிமையானது. மலைச்சாலையில் ஒரே மாதிரி இரண்டு வளைவுகள். முதலாவதில், வண்டி நெருங்கினால் தானே மின்னும் என் புதிய எச்சரிக்கை விளக்கு. இரண்டாவதில் எதுவும் இல்லை. ஆறு மாதத்தில் முதலாவதில் ஒரு சாவும் இல்லை, இரண்டாவதில் நான்கு. கைதட்டினார்கள்.

தலைமைப் பொறியாளர் மட்டும் பின்னால் திரும்பினார். "ரெண்டாவது வளைவுல பழைய லைட் ஒண்ணு இருந்துச்சே, என்னாச்சு?"

விளக்குக்காரர் எழுந்தார். "மாட்டிக்கிட்டேதாங்க இருந்தேன். மாட்ட மாட்ட அணைஞ்சு போச்சு."

"ஏன்யா, பேய் வந்தா ஊதி அணைச்சிச்சு?"

அரங்கமே சிரித்தது. மறுநாள் அவரை வேலையிலிருந்து தூக்கினார்கள். இப்போது நான்கு சாவுக்கும் அவர்மேல் வழக்கு. அவர் மனைவி என் வீட்டுக்கு வந்து, "நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்கண்ணா. அவரு பொய் சொல்ற ஆளில்ல" என்றார்.

சொல்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் ஃபியூஸைப் பிடுங்கியது நான். "சார், அந்த லைட்டுக்கும் எனக்கும் ஏதோ ஜென்மப் பகை" என்று அவர் தலையைச் சொறிந்தபோது, "எழுதி வைங்க, பாக்கலாம்" என்றேன்.

இதில் நான் வெட்கப்பட ஒன்றுமில்லை. பழைய விளக்கு எரிந்த வருடங்களில் இரண்டாவது வளைவிலும் யாரும் சாகவில்லை. அது எரிந்துகொண்டே இருந்தால் என் விளக்கின் அருமையை எதை வைத்துக் காட்டுவது? அத்தான் தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போய்வந்தார். அவரை மட்டும் பார்த்துப் போகச் சொல்லியிருந்தால் ஆய்வில் பாரபட்சம் நுழைந்துவிடும். சொல்லவில்லை. என் நேர்மைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

உங்கள் குற்றப்பத்திரிகையில் 'அலட்சியம்' என்று இருக்கிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆறு மாதம், ஒருநாள் தவறாமல், அக்கறையாகச் செய்த வேலை அது.

மாநாட்டில் கேமராக்காரர் ஒருவர், "ரெண்டே வளைவை வச்சு எப்படி சார் முடிவு கட்டுவீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மறுநாளே, பழைய விளக்கு எரிந்துகொண்டிருந்த மூன்றாவது வளைவுக்குப் போனேன். அங்கே ஆய்வுக்கென்று நான் குறித்துக்கொண்ட நாட்கள் வியாழக்கிழமையோடு முடிகின்றன.

ஆகவே, நேரில் வந்து கொடுக்காமல், உறையை ஒட்டிச் சாதாரணத் தபாலில் போடுகிறேன். வெள்ளிக்கிழமை உங்கள் கைக்கு வந்துவிடும்.